கிராமத்து வீட்டுக்கு மொபைல் இன்டர்நெட் வாங்கப் போகிறவர்களே, பதினெட்டாயிரத்து ஐந்நூறு எப்படிப் போனது என்று படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். அந்தக் கடைக்காரருக்கும் அதுதான் வேண்டும்.

போனது பதினெட்டாயிரத்து ஐந்நூறு. ரூட்டர், சுவரில் மாட்டும் வெளி ஆன்டெனா, கேபிள், சிம், ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே கட்டிய பிளான் எல்லாம் சேர்த்து. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எல்லா நெட்வொர்க் சிம்மும் விற்கிற, ரூட்டர் மாட்டித் தருகிற கடை. இந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கும். கிராமத்து வீட்டுக்கு எந்தச் சேவையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீடு இருக்கும் பக்கம் ஃபைபர் வராது. கேட்டால் "பிளானில் இருக்கிறது" என்பார்கள், எப்போதும் பிளானில்தான் இருக்கும். அதனால் மொபைல் நெட்வொர்க்தான் கதி. தங்கைக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, நாள் முழுக்க வீடியோ மீட்டிங். போன் ஹாட்ஸ்பாட்டில் எத்தனை நாள் ஓட்டுவது என்று சரியான இணைப்பு ஒன்று போடலாம் என்று முடிவு செய்தோம்.

விசாரித்த மற்ற கடைகளில் எல்லாம் ஒரே கேள்விதான், "டெய்லி எத்தனை ஜிபி வேணும்?" இந்த ஆள் மட்டும் வேறு மாதிரி பேசினார். கூரை தகரமா, கான்கிரீட்டா என்று கேட்டார். சுவர் எவ்வளவு கனம், டவர் எந்தப் பக்கம், நடுவில் மரங்கள் உண்டா என்று கேட்டார். ஒரு தாளை எடுத்து வீட்டைக் கட்டம் போட்டு வரைந்து, டவர் பக்கம் ஒரு அம்புக்குறி போட்டு, ஆன்டெனா வரும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியில்தான் நான் விழுந்தேன். இவ்வளவு கேட்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். தெரிந்துதான் இருந்தது, அதுதான் இன்னும் எரிகிறது.

அப்புறம் நெட்வொர்க் நிறுவனத்தின் கவரேஜ் வரைபடத்தைத் திரையில் திறந்து, எங்கள் வீடு இருக்கும் இடம் வரை பெரிதாக்கிக் காட்டினார். முழுக்க அடர் நிறம். "பாத்தீங்களா அண்ணே, ஃபுல் கவரேஜ்." கடையில் இருந்த டெமோ ரூட்டரை ஆன் செய்து வேகம் பார்த்தார். 62 எம்பிபிஎஸ். "இங்க இத்தனை பேர் யூஸ் பண்றாங்க, அதுலயே அறுபது வருது. உங்க பக்கம் ஆளே கம்மி. இதுக்கு மேல வரும், குறையாது." கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். கடைசியாக ஒன்று சொன்னார்: "வரலைன்னா எடுத்துட்டு வாங்க அண்ணே, நான் இங்கதான இருக்கேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. பில்லில் அது எங்கும் இல்லை. பில்லில் இருந்தது "நெட்வொர்க் உபகரணம், 1 செட்", அவ்வளவுதான்.

மாட்ட வந்த பையனிடம் இருந்த ஏணி கூரை வரை எட்டவில்லை. ஆன்டெனாவைத் தாழ்வாரத்துக்குக் கீழே, எட்டிய இடத்தில் மாட்டினான். தாளில் வைத்த புள்ளி எங்கேயோ, ஆன்டெனா எங்கேயோ. டவர் இருக்கும் திசை கூட அது பார்க்கவில்லை. நண்பகலில் ஒருமுறை வேகம் பார்த்தான், 9 வந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு "வேலை முடிந்தது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்று சாயங்காலம் 0.4. மீட்டிங்கில் தங்கை பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் அவள் முகம் பாதி திறந்த வாயோடு நின்றுவிட்டது. எதிர்முனையில் இருந்தவர்கள் "ஹலோ, ஹலோ" என்கிறார்கள், அவள் குரல் போகவே இல்லை. ரூட்டரை அணைத்துவிட்டுப் பழையபடி போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

இங்கேதான் விஷயம். அதே நெட்வொர்க், அதே ஜன்னல். அவள் போனில் 12 வருகிறது, பதினெட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கியதில் ஒன்று கூட வரவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." பண்ணினேன். "சிம்மக் கழட்டித் துடைச்சுப் போடுங்க." போட்டேன். "டவர்ல வேலை நடக்குது அண்ணே, சரியாயிடும்." ஆகவில்லை. "இப்ப லோடு அதிகம், ராத்திரி பாருங்க." ராத்திரி இன்னும் மோசம். "ராத்திரி எல்லாரும் வீட்ல படம் பாப்பாங்க, விடியக்காலையில பாருங்க." ஆளே கம்மி என்று சொன்னவரும் இவர்தான்! விடியற்காலையில் யார் மீட்டிங் வைக்கிறார்கள்?

நெட்வொர்க் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை இன்னொரு அழகு. எல்லாப் பொத்தானையும் அமுக்கி, பாட்டுக் கேட்டு, ஒரு மனிதக் குரல் வந்தால் "உங்கள் பகுதியில் சேவை இயல்பாக உள்ளது" என்கிறது. ரூட்டரில் வரவில்லை என்றால் "அது எங்கள் உபகரணம் இல்லை, விற்றவரிடம் கேளுங்கள்." விற்றவரிடம் கேட்டால் "பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல, நெட்வொர்க் பிரச்சினை, கம்பெனில கேளுங்க." நான் நடுவில். இதற்கிடையே "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதைப் படித்தபோது ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் நானே நோண்டினேன். எந்த ரூட்டருக்கும் ஒரு செட்டிங்ஸ் பக்கம் இருக்கிறது. பிரவுசரில் ரூட்டரின் முகவரியைத் தட்டினால் திறக்கும், அந்த முகவரியும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அதில் சிக்னல் என்று ஒரு பகுதி. ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண், டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்று காட்டுவது, மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -80 பக்கம் இருந்தால் ஜோர், -100 என்றால் சுமார், -110க்குக் கீழே போனால் இழுபறி. எங்கள் வீட்டில் -118. இதை அளப்பது டெசிபலில், பத்து டெசிபல் குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு. ஆக சுமார் என்று சொல்லக்கூடிய அளவுக்கும் எங்களுக்கும் அறுபது மடங்குக்கும் மேல் வித்தியாசம் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். முன்பக்கத்தில் எரிகிற கோடுகளை நம்பாதீர்கள், எத்தனை கோடு காட்டுவது என்பதைத் தயாரிப்பவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.

அதே பக்கத்தில் "பேண்ட்", அதாவது எந்த அலைவரிசையில் பிடித்திருக்கிறது என்று இன்னொரு வரி. ரூட்டர் பிடித்திருந்தது 1800 மெகாஹெர்ட்ஸ். தங்கையின் போனில் பார்த்தால் 700. எனக்கு அப்போதுதான் உறைத்தது. குறைந்த அலைவரிசை, அதாவது 700, 800, 900 எல்லாம் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டி வரும். 1800, 2100, 2600 என்று மேலே போகப் போக வேகம் கொடுக்கலாம், தூரம் குறையும், சுவரில் மாட்டிக்கொள்ளும். 3500இல் ஓடும் 5ஜி இன்னும் சீக்கிரம் தேய்ந்துவிடும். டவர் பக்கத்தில் இருக்கும் கடையில் எல்லாம் பறக்கும். தள்ளி இருக்கும் வீட்டுக்கு 700 போன்ற குறைந்த அலைவரிசைதான் சோறு போடும்.

ரூட்டரோடு வந்த துண்டுச் சீட்டை எடுத்துப் படித்தேன். பொடி எழுத்தில்: 1800, 2100, 2600. முடிந்தது. 700 என்பதே அந்தப் பெட்டியில் இல்லை! எங்கள் வீட்டுக்கு உருப்படியாக வந்து சேரும் ஒரே அலைவரிசையை அந்த ரூட்டருக்குக் காதில் வாங்கவே தெரியாது. ரீஸ்டார்ட் செய்தாலும், சிம்மைத் துடைத்தாலும், விடியற்காலையில் எழுந்தாலும் அது வராது. தள்ளி இருக்கும் வீட்டுக்கு விற்கும்போது முதலில் பார்க்க வேண்டியதே இதுதான், கூரை என்ன என்று கேட்கத் தெரிந்த ஆளுக்கு இது தெரியாதா? தேங்கிப் போன சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆன்டெனா கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டெனாவிலிருந்து ரூட்டர் வரை பத்து மீட்டருக்கு ஒரு ஒல்லிக் கேபிள். ஆர்ஜி58 என்று மேலேயே அச்சடித்திருக்கிறது. அந்த வகைக் கேபிள் 1800இல் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபலைத் தின்றுவிடும். ஆன்டெனா கூட்டித் தருவதாக அட்டையில் போட்டிருப்பதே 9 டெசிபல்தான். மொட்டைமாடித் தொட்டியில் நீர் நிரப்பி, ஓட்டைக் குழாய் வழியாகக் கீழே விட்ட மாதிரி. போதாததற்கு ஒரே ஒரு கேபிள். 4ஜியில் முழு வேகம் வருவது இரண்டு ஆன்டெனா சேர்ந்து வேலை செய்தால்தான், ரூட்டரின் பின்னால் இரண்டு துளை இருப்பதும் அதற்குத்தான். இவர்கள் ஒன்றில் மட்டும் செருகிவிட்டு இன்னொன்றை மூடியோடு விட்டிருக்கிறார்கள்.

வரைபடம்? அது பெரும்பாலும் கணினி போட்ட கணக்கு. வெளியில், திறந்த இடத்தில், போன் வைத்திருப்பவருக்குக் கிடைக்கலாம் என்கிற மதிப்பீடு. கனமான சுவருக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே என்ன கிடைக்கும் என்று அது சொல்வதில்லை. அடியில் சின்ன எழுத்தில் அவர்களே எழுதிவைத்திருப்பார்கள், திரையில் காட்டும்போது அந்தப் பகுதியை யாரும் பெரிதாக்குவதில்லை.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கடைக்கு நேரில் போனேன். முதலில் தெரியாத மாதிரி பார்த்தார். பில்லைக் காட்டியதும் "ஆ, நீங்களா அண்ணே." எடுத்துட்டு வாங்க என்றீர்களே, எடுத்து வந்திருக்கிறேன் என்றேன். "பெட்டியப் பிரிச்சாச்சே!" பிரிக்காமல் எப்படி வருகிறதா இல்லையா என்று பார்ப்பது? அதற்குப் பதில் இல்லை. "பிளான் பணம் கம்பெனிக்குப் போயிடுச்சு, அது என் கையில இல்ல." பேண்ட் விஷயத்தைச் சொன்னேன். சீட்டை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், "இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். ஆமாம், கேட்கமாட்டோம் என்று தெரிந்துதான் விற்கிறீர்கள்.

அதோடு விட்டாரா? இன்னும் ஏழாயிரம் போட்டால் "பூஸ்டர்" ஒன்று மாட்டித் தருகிறாராம், அப்புறம் பறக்குமாம். பதினெட்டாயிரத்து ஐந்நூறை விழுங்கியவர் சிரித்த முகத்தோடு ஏழாயிரம் கேட்கிறார்! பூஸ்டர் இருக்கிற சிக்னலைப் பெருக்கும், கூடவே இரைச்சலையும் பெருக்கும். ரூட்டருக்கே தெரியாத அலைவரிசையை அது உருவாக்கித் தராது. அதோடு பல நாடுகளில் அனுமதி இல்லாமல் அதை மாட்டுவதே சட்டவிரோதம், டவருக்கு இடைஞ்சல் செய்து சுற்றியிருப்பவர்களின் இணைப்பையும் கெடுக்கும். மாட்டிய வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார், விற்றவர் கடையிலேயே இருப்பார்.

"அன்லிமிடெட்" என்று சொன்ன பிளானைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு நாளைக்கு 2 ஜிபி தாண்டினால் வேகம் 128 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. நல்ல தரத்தில் வீடியோ ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 3 ஜிபி போகும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத்தான் அந்த 2 ஜிபியைத் தொடவே வழியில்லையே.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். ரூட்டர் வாங்கும் முன் கிடைக்கிற நெட்வொர்க் சிம் எல்லாவற்றையும் குறைந்த ரீசார்ஜில் வாங்கி, அல்லது அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இரவல் கேட்டு, உங்கள் வீட்டுக்குள்ளேயே, சாயங்காலம் ஏழிலிருந்து பத்துக்குள் சோதியுங்கள். கடையில் காட்டும் வேகம் கடையின் வேகம். டவுன்லோடு மட்டும் பார்க்காதீர்கள், மீட்டிங்குக்கு அப்லோடும் வேண்டும். எந்த சிம் எந்த பேண்டில் பிடிக்கிறது என்று போனிலேயே காட்டும் ஆப்கள் இருக்கின்றன. அந்த பேண்ட் ரூட்டரின் மாடல் விவரத்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள், கடைக்காரரின் வாயைப் பார்க்காதீர்கள். ஒரு வருடப் பிளானை முதலிலேயே கட்டாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் ஒரு மாதம் மட்டும். "வரலைன்னா எடுத்துட்டு வாங்க" என்றால் அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், தேதியோடு, மாடல் எண்ணோடு. எழுதத் தயங்கினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மாட்ட வருபவரிடம் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதை ஒரு ராத்திரி தாண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் புகாருக்குத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பில், துண்டுச் சீட்டு, செட்டிங்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், "தீர்க்கப்பட்டது" குறுஞ்செய்தி எல்லாம் இருக்கிறது. அவர் வீட்டைக் கட்டம் போட்டு வரைந்த தாள் மட்டும் இல்லை, அதை அன்றைக்கே அவரே வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். உங்களுக்கு யாராவது வரைந்து காட்டினால் முதலில் அதை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.