பொட்டலத்து இனிப்பா, நம் கரண்டி இனிப்பா: வெல்ல பிஸ்கட், ஸ்டீவியா, கருப்பட்டி

காலைக் காபிக்கும், மாலையில் பிள்ளைகள் குடிக்கும் கஞ்சிக்கும், சர்க்கரை நோயுள்ள மாமியாரின் தேநீருக்கும் எந்த இனிப்பை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ‘வெல்லம் சேர்த்தது’, ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’ என்று முகப்பில் அச்சிட்ட பானப்பொடிகளையும் பிஸ்கட்டுகளையும் வாங்கலாம். ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பூட்டியான ஸ்டீவியா கலந்த ‘சுகர் ஃப்ரீ’ பொருள்களுக்கு மாறலாம். அல்லது உடன்குடிக் கருப்பட்டியைத் தனியாக வாங்கி நாமே கலந்துகொள்ளலாம். நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்துகொண்டோம் என்பதால், என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெல்லமும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரையே என்பதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் தேனையும் பழச்சாற்றையும் சீனியோடு ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. வெல்லத்தில் இரும்புச்சத்து இருப்பது உண்மை என்றாலும், பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் சொன்ன அளவோடு ஒப்பிட்டால், ஒரு கரண்டி வெல்லம் தருவது மிகச் சொற்பம்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? என்னைப் பொறுத்தவரை, இனிப்பின் அளவு யார் கையில் இருக்கிறது என்ற ஒன்றுதான் முடிவைத் தீர்மானித்தது. பொட்டலத்தில் அந்த அளவைத் தயாரிப்பாளர் நிர்ணயித்துவிடுகிறார். வாங்குபவருக்கு எஞ்சுவது பின்புற அட்டவணை மட்டுமே. அதில் ‘ஆடட் சுகர்ஸ்’ (சேர்க்கப்பட்ட சர்க்கரை) என்ற வரியை இப்போது கட்டாயமாகக் காட்ட வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வரியை ‘ஒரு வேளை அளவு’ என்ற வரியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உதாரணமாக, 100 கிராம் பொடியில் 32 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருந்து, ஒரு வேளைக்கு 20 கிராம் என்று அச்சிட்டிருந்தால் 6.4 கிராம் என்ற சாதுவான எண் கிடைக்கும். வீட்டில் குவியலாக இரண்டு கரண்டி போட்டால் 30 கிராம் பொடியைத் தாண்டிவிடும். காலையும் மாலையும் குடிக்கும் பிள்ளைக்கு 19 கிராம் சர்க்கரை அதிலேயே போய்விடும். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, இது சிறிய அளவு அல்ல.

சேர்பொருள் பட்டியலையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. வெல்லம், குளுக்கோஸ் சிரப், தேன், பேரீச்சைக் கூழ் என்று இனிப்பை நான்காகப் பிரித்துவிட்டால் எதுவுமே முதலிடத்துக்கு வராது. கோதுமையோ கேழ்வரகோ முன்வரிசையில் கம்பீரமாக நிற்கும். ‘சுகர் ஃப்ரீ’ என்று போட 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகள் வரையறுத்திருக்கின்றன. ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’ என்ற வாசகமோ வெல்லத்தை எவ்வளவு கொட்டினாலும் பொய்யாகாது. பல பொருள்கள் கலந்த உணவை ‘நேச்சுரல்’ என்று அழைக்கக் கூடாது என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. அட்டைப்பெட்டியில் வரைந்திருக்கும் பச்சை இலைகளுக்கு அந்தத் தடை எட்டவில்லை போலும்.

கருப்பட்டி என்றால் இந்தக் கணக்கு நம் கரண்டிக்கு வந்துவிடுகிறது. உடைத்த துண்டுகளைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டினால் அடியில் மண்ணும் தூசும் தங்கும். பாகைப் புட்டியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் காலை வேலை எளிதாகிறது. பால் திரிந்துவிடாமலிருக்க, அடுப்பை அணைத்த பிறகே பாகைச் சேர்க்க வேண்டும். கருப்பட்டிக்கு மணமும் கரிப்பும் கூடுதலாக இருப்பதால் சீனியைவிடக் குறைவான இனிப்பிலேயே நாக்கு அடங்குகிறது. பாகின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தபோது பிள்ளைகள் கவனிக்கவும் இல்லை. பொட்டலப் பொடியில் இதற்கு வழியே கிடையாது.

குறைகளும் உண்டு. விலை சீனியைப்போலப் பல மடங்கு. சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது என்றாலும், கடைக்கட்டி அந்த ஊருடையதுதானா என்று அந்தப் பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பதநீர்ப் பருவத்தில், தெரிந்தவர் மூலம் வாங்குவதையே நான் நம்புகிறேன்.

ஸ்டீவியாவை எங்கள் வீட்டில் மாமியார் மட்டுமே, அதுவும் சில காலமே பயன்படுத்தினார் என்பதால் அதைப் பற்றி நான் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும் சத்து என்பதால் துளியே போதும். விற்பனைக்கு வரும் பொடியிலோ எரித்ரிட்டால் என்ற இன்னொரு இனிப்பூட்டியோ மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோ நிரப்பப்பட்டிருக்கலாம் என்பதால் அங்கும் பட்டியலைப் படித்தாக வேண்டும். கடைசியில் தங்கும் லேசான கசப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன பரிந்துரை, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கருப்பட்டியைவிட ஸ்டீவியாவே பொருத்தமானது. ஆனால் ஸ்டீவியா போட்ட பிஸ்கட்டில் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் மைதா அப்படியே இருப்பதால், மாமியாரின் தேநீருக்கு இப்போது இனிப்பும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் இருக்கிறது.