ஜீனியம் எக்ஸ்3 செயற்கை மூட்டு: ஒரு முன்னாள் சிப்பாயோட ரிவ்யூ

முட்டிக்கு மேல வரைக்கும் கால் போனவன் நான், ராணுவத்துல இருந்தவன். இப்போ போட்டிருக்குறது ஓட்டோபாக் கம்பெனியோட ஜீனியம் எக்ஸ்3ங்கற செயற்கை முழங்கால் மூட்டு. இது எப்படின்னு கேக்குறவங்க எல்லாம் கூடவே "இதைப் போட்டுட்டு திரும்ப டியூட்டிக்குப் போக முடியுமா, விடணுமா"ன்னும் கேக்குறாங்க, கேக்க வேண்டிய கேள்விதான், ஏன்னா பணிக்குத் திரும்பணும்னு நினைச்ச வீரர்களுக்காக அமெரிக்க ராணுவத்தோட சேர்ந்து உருவாக்குன மூட்டு இது.

மூட்டுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கால் எந்தக் கோணத்துல இருக்கு, எவ்ளோ வெயிட் விழுதுன்னு சென்சார் பாத்துக்கிட்டே இருக்கும், அதுக்கேத்த மாதிரி ஹைட்ராலிக் இறுகும், தளரும். பழைய மெக்கானிக்கல் மூட்டுல சரிவுல இறங்குனா எங்க மடங்கிடுமோன்னு கண்ணு தரையிலயே கிடக்கும், இதுல நிமிர்ந்து எதிர்ல பாத்து நடக்குறேன், காவல் நிக்குறவனுக்கு அது எவ்ளோ முக்கியம்னு நின்னவனுக்குத் தெரியும். கால் மாத்தி மாத்தி படி ஏறலாம், ஓடுறதுக்குத் தனி மோடு இருக்கு, உப்புத்தண்ணில கூட இறங்கலாம்.

ஆளைப் படுத்துறது சாக்கெட்தான், அதாவது மிச்சம் இருக்குற காலைச் (ஸ்டம்ப்) செருகுற கிண்ணம் மாதிரியான உறை. காலைல கச்சிதமா இருக்கும், சாயங்காலம் ஸ்டம்ப் சுருங்கி லொடலொடன்னு ஆடும், கழட்டி இன்னொரு சாக்ஸ் ஏத்தணும். தோலை ஒட்டி உள்ள போடுற லைனர் உறைக்குள்ள வேர்வை தேங்கும், தோல் ஒரு இடத்துல உரிஞ்சா போதும், ஆறுற வரைக்கும் காலையே மாட்ட முடியாது. எனக்கு முதல்ல செஞ்ச சாக்கெட் சரியா அமையல, அதை வச்சு எந்த ஃபிட்னஸ் டெஸ்ட் வச்சிருந்தாலும் ஃபெயில்தான், ஆனா அந்த ஃபெயில் என்னோடது இல்லையே?

அதனாலதான் சொல்றேன், கால் போச்சுன்னு ஒரே காரணத்துக்காக யாரையும் வெளிய அனுப்பக் கூடாது. சோவியத் பைலட் மரேஸ்யேவ் 1942-ல ரெண்டு காலையும் இழந்து 1943-ல மறுபடி போர் விமானம் ஓட்டுனார். 1971 போர்ல சொந்தக் காலை குக்ரிக் கத்தியால வெட்டி எடுத்த இந்திய ராணுவ அதிகாரி இயன் கார்டோசோ அப்புறம் பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமை தாங்குனார். அவங்க காலத்துல சிப்பும் இல்ல சென்சாரும் இல்ல. ஆனா ரெண்டு பேருக்கும் முட்டி மிஞ்சியிருந்தது, முட்டி இருக்குறவனுக்கும் இல்லாதவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அவங்களால முடிஞ்சதே உன்னால முடியாதான்னு எல்லாரையும் ஒரே தராசுல வைக்குறதும் அநியாயம்.

என்ன வேலைக்குப் போறானோ அந்த வேலைக்கு உண்டான டெஸ்டை, மத்தவங்களுக்கு வைக்குற அதே டெஸ்டை வைங்க, அதுக்கு முன்னாடி சாக்கெட் சரியா அமைய டைம் குடுங்க. ரோந்துல விழுந்தா கூட வர்றவன்தான் தூக்கணும், அதனால டெஸ்ட்ல சலுகை வேணாம். சிக்னல், ட்ரெய்னிங், ஸ்டோர்ஸ்னு எத்தனையோ வேலை இருக்கு, அனுபவம் உள்ளவனை எதுக்கு இழக்கணும்? போதும், வீட்டுக்குப் போறேன்னு சொல்றவனையும் மரியாதையா, முழுப் பென்ஷனோட அனுப்புங்க.

வாங்கப் போறவங்க மூட்டோட பிராண்டைப் பாக்குறதுக்கு முன்னாடி செயற்கைக் கால் செஞ்சு பொருத்துற நல்ல ப்ராஸ்தடிஸ்ட்டைத் தேடுங்க. முடிஞ்சா ட்ரையல் சாக்கெட் போட்டு, அன்னைக்கு முழுக்க நடந்து பாத்துட்டு, சாயங்காலம் தோல் எப்படி இருக்குன்னு பாத்து முடிவு பண்ணுங்க.