டேனியல் மின்கலப் பெட்டி: பிளஸ் டூ மாணவர்களுக்கு உதவுமா?

சேலத்தில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றின் வேதிவினையால் மின்சாரம் தரும் டேனியல் மின்கலத்தைச் செய்துபார்க்க உதவும் இந்தப் பெட்டியை 450 ரூபாய்க்கு வாங்கினேன். துத்தநாகம் எலக்ட்ரானை இழந்து ஆக்சிஜனேற்றமடைவதையும் தாமிர அயனி அதை ஏற்று ஒடுக்கமடைவதையும் மனப்பாடமாக ஒப்பித்துவந்த என் மகள், இரவு முழுதும் கம்பியால் இணைத்துவைத்த தாமிரத் தகட்டில் செந்நிறப் படிவு ஏறியிருந்ததைக் கண்டபின்தான் எந்த முனையில் எது நிகழ்கிறது என்பதைத் தடுமாறாமல் சொன்னாள். (சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்கு மின்முலாம் பூசும்போது வெள்ளி படிவதும் ஒடுக்கமே.) திட்ட நிலையில் (கரைசல்களின் செறிவும் வெப்பநிலையும் பாடநூல் வரையறுத்த அளவில் இருந்தால்) 1.10 வோல்ட் வரவேண்டும், எங்களுக்கு 1.06 கிடைத்தது, கரைசல்களைக் கண்ணளவில் கலக்கியதால் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. இரு கரைசல்களுக்கும் இடையே அயனிகள் கடக்க வழிசெய்யும் உப்புப் பாலத்துக்குத் தந்த வடிதாள்தான் மட்டமானது: நனைந்ததும் கிழிந்து, அளவீடு பூஜ்ஜியமாயிற்று. மாற்றித் தரக் கடைக்காரர் மறுத்ததால், பொட்டாசியம் நைட்ரேட்டில் ஊறிய விளக்குத் திரியால் சமாளித்தோம். இரும்புக் கவ்வி மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலில் படாதிருக்கட்டும். பட்டால் அதன்மீதும் தாமிரம் படியும்.