மார்செய் டாரட்டா, ரைடர்-வெயிட்டா?

டாரட் என்பது குறி பார்க்கப் பயன்படும் சீட்டுக்கட்டு; மார்செய், ரைடர்-வெயிட் அதன் இரு வகைகள். இரண்டு கட்டிலும் 78 சீட்டுகள்: 22 பெரிய அர்க்கானா (தனித்தனிப் பெயருள்ள படச் சீட்டுகள்), 56 சிறிய அர்க்கானா (வாள், நாணயம் போன்ற நான்கு இனங்களின் சீட்டுகள்). உண்மையான வேறுபாடு, ஒன்று முதல் பத்து வரையுள்ள 40 எண் சீட்டுகளில்தான்.

மார்செய் வகை, 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுக்காகப் பிறந்த சீட்டுகளின் வழி வந்தது. அதன் வாள் மூன்றில் இருப்பது வளைந்த இரண்டு வாள்கள், நடுவே நேராக ஒன்று, கொஞ்சம் இலைக்கொடி. அவ்வளவே. பொருளை நாம்தான் கூட்ட வேண்டும்: மூன்று என்றால் வளர்ச்சி, வாள் என்றால் சிந்தனையும் பேச்சும், ஆக, முற்றிவரும் வாக்குவாதம்.

1909இல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டில் அதே சீட்டு மழையில் மூன்று வாள்கள் துளைத்த இதயம். பார்த்ததும் துயரம் புரிகிறது. கட்டைத் திட்டமிட்ட எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் வழிகாட்டலில் அத்தனையையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். கட்டின் வழக்கமான பெயரில் ஸ்மித் விடுபட்டது பெரும் அநியாயம்.

பலர் தடுக்கி விழுவது இங்கே: மார்செய்யின் பெரிய அர்க்கானாவில் 8ஆம் சீட்டு நீதி, 11ஆம் சீட்டு வலிமை; வெயிட் இவ்விரண்டையும் இடம் மாற்றினார். ஒரு கட்டின் கையேட்டை வைத்து மற்றதைப் படித்தால் பலன் பிசகும். சீட்டு தலைகீழாக விழுந்தால் வேறு பொருள் கொள்பவர்களுக்கும் மார்செய் சிரமம். அதன் நாணயச் சீட்டுகள் பலவற்றில் மேல் கீழ் தெரிவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர் ரைடர்-வெயிட்டை எடுத்து, தினம் மூன்று சீட்டு விரித்துப் பழகலாம். எண்களோடு யோசிக்கப் பிடித்தவருக்கு மார்செய்யே ஏற்றது.