வி-கிராஸ், ஹைலக்ஸ் பிக்கப்புக்குச் சுருட்டி வைக்கும் கவர்: மைலேஜ் உண்மையில் எவ்வளவு கூடும்?

பிக்கப்பின் லோடு பாடியை மூடும் டோனோ கவரை விற்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே சொல்வது "மைலேஜ் கூடும்". கூடத்தான் செய்யும். எவ்வளவு கூடும், எந்த வேகத்தில் கூடும், எப்படி மாட்டினால் கூடும் என்பதைச் சொல்லாமல் விற்றுவிடுவதால் வாங்கியவருக்கு மனக்குறை மிஞ்சுகிறது. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அலுமினியச் சட்டத்தின் மேல் விரித்து, தேவைப்படும்போது கேபின் பக்கம் சுருட்டி வைக்கும் வினைல் கவர். இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரியான டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) வண்டிக்கு, கொடுக்கும் பணத்துக்கு நியாயமான பொருள் இதுதான். மைலேஜுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். வண்டி 2 டன், காற்று எதிர்ப்புக் கெழு 0.42, முன்முகப் பரப்பு 2.9 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் காற்று மட்டும் சுமார் 55 கிலோ விசையோடு வண்டியைப் பின்னால் தள்ளும். டயர் உருள்வதற்கான எதிர்ப்பு சுமார் 24 கிலோ. 60 கி.மீ. வேகத்தில் காற்றின் பங்கு 20 கிலோவுக்கு இறங்கிவிடும், டயரின் பங்கு ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால் ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்குக் கவர் மாட்டி டீசல் மிச்சம் பார்க்க முடியாது. நெடுஞ்சாலையில், நன்றாகப் பொருந்திய கவர் காற்று எதிர்ப்பில் 5 சதவீதம் குறைத்தது என்றே வையுங்கள். மொத்த எதிர்ப்பில் அது மூன்றரை சதவீதம், டீசலில் சுமார் 3 சதவீதம். லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்த வண்டி 12.3 அல்லது 12.4 கொடுக்கும். 1,000 கி.மீ.க்கு இரண்டரை லிட்டர் மிச்சம். டீசல் 92 ரூபாய், கவர் 25,000 ரூபாய் என்றால் போட்ட காசை எடுக்க ஒரு லட்சம் கி.மீ.க்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும். அதே வண்டியை 100-லிருந்து 90-க்கு இறக்கி ஓட்டினால் எதிர்ப்பு 13 சதவீதம் குறைகிறது, அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆனாலும் கவருக்கு வேறு பயன் உண்டு. மழை, தூசி, சிக்னலில் நிற்கும்போது நீளும் கை என மூன்றையும் தடுக்கிறது. பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போகிறவருக்கு இதுவே போதுமான காரணம். மைலேஜ் அதன்மேல் கிடைக்கும் கொசுறு.

டெயில்கேட்டை, அதாவது லோடு பாடியின் பின்கதவை, இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் வெளியே போய்விடும் என்று நம்பி இன்னும் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். நடப்பது நேர்மாறு. கேபின் கூரையின் பின் விளிம்பைத் தாண்டிய காற்று கீழே பிரிந்து லோடு பாடிக்குள் ஒரு பெரிய சுழலாகச் சுற்றுகிறது. டெயில்கேட் நிமிர்ந்து நிற்கும்வரை அந்தச் சுழல் பெட்டிக்குள்ளேயே அடைபட்டு, கண்ணுக்குத் தெரியாத மூடி போல வேலை செய்யும். மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போய்விடும். டெயில்கேட்டை இறக்கினால் சுழல் உடைந்து, வண்டிக்குப் பின்னால் இழுபடும் கலங்கல் காற்று பெருக்கிறது. வலை டெயில்கேட் மாட்டினாலும் இதே கதிதான். கவர் அந்தச் சுழலின் இடத்தில் உண்மையான மூடியை வைக்கிறது. ஏற்கெனவே பாதி வேலையைச் சுழலே செய்துகொண்டிருப்பதால்தான் கிடைக்கும் லாபம் சிறியது.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி கம்பளி நூல். 10 செ.மீ. நூல் துண்டுகளைக் கேபின் பின்கண்ணாடி ஓரம், கவரின் மேல், டெயில்கேட் விளிம்பு என 15 செ.மீ. இடைவெளியில் டேப்பால் ஒட்டி, காலியான சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஓட்டி, பக்கத்து வண்டியில் வருபவரைப் படமெடுக்கச் சொல்லலாம். ஓட்டுநர் சாலையை மட்டும் பார்க்கட்டும். கேபினுக்குப் பின்னால் இருக்கும் நூல்கள் பெரும்பாலும் முன்பக்கம், கேபினை நோக்கிப் படுத்திருக்கும். கவர் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். டபுள் கேப் வண்டியின் பாடி ஒன்றரை மீட்டர் நீளம்தான். கூரையிலிருந்து இறங்கும் காற்று கவரைத் தொட்டுப் படிய அந்தத் தூரம் போதாது. கவனிக்க வேண்டியது ஓரங்களை. சட்டத்துக்கும் கவருக்கும் நடுவில் நூல் படபடவென்று துடித்தால் அங்கே இடைவெளி இருக்கிறது என்று பொருள்.

மாட்டும் வேலை முக்கால் மணி நேரம். பாடியின் மேல்விளிம்பைச் சோப்பு நீரால் கழுவி, காய்ந்ததும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் முன்பக்க நுரைப் பட்டை ஒட்டாது. இரண்டு பக்கச் சட்டங்களையும் வைத்து, பக்கத்துக்கு நான்கு கிளாம்பையும் முதலில் தளர்வாகவே பூட்டி, மூலைக்கு மூலை குறுக்களவு எடுக்கவும். இரண்டு குறுக்களவுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவர் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் தொங்கும். சரியானதும் முன் கிளாம்பில் தொடங்கிப் பின்னோக்கி இறுக்கவும். கிளாம்பு நின்ற பிறகு அரைச் சுற்று போதும், அதற்குமேல் முறுக்கினால் பாடியின் உள்விளிம்புத் தகடு நெளியும். 100 கி.மீ. ஓடியதும் எல்லாக் கிளாம்பும் இறுக்கமாக இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

அதிகம் கெடுவது பிளாஸ்டிக் பெட்லைனர் (லோடு பாடிக்குள் கீறல் விழாமல் போடும் உறை) இருக்கும் வண்டிகளில். லைனரின் உதடு பாடி விளிம்புக்கு மேல் மடிந்திருந்தால் கிளாம்பு தகட்டைப் பிடிக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடிக்கிறது. சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் இளகும், கிளாம்பு தளரும், சட்டம் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது நகர்ந்துவிடும். கிளாம்பு வரும் இடத்தில் மட்டும், அதன் அகலத்தைவிட 1 செ.மீ. கூடுதலாக லைனர் உதட்டை வெட்டி எடுப்பதே தீர்வு. "அப்படியே மாட்டிக்கலாம் சார்" என்று சொல்லும் ஃபிட்டரிடம் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது ரோல்பார். பாடியின் மேல் ஸ்டைலுக்காக நிற்கும் அந்தக் குழாயின் கால்கள் சட்டம் உட்காரும் இடத்திலேயே இறங்குகின்றன. ரோல்பாருக்கென்று வெட்டித் தைத்த கவரை வாங்காமல், சாதாரணக் கவரைக் கத்தியால் கீறிப் பொருத்தினால் கால்களைச் சுற்றி இரண்டு மூன்று செ.மீ. திறந்தே கிடக்கும். தண்ணீர் அங்கேதான் உள்ளே வரும், கவர் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும்.

வினைல் வெயிலில் தளரும். விரித்து, இரண்டு மணி நேரம் வெயிலில் கிடக்கவிட்டு, அதன் பிறகே இழுவையைச் சரிசெய்ய வேண்டும். நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் 2 செ.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் மழைநீர் குளமாகத் தேங்கும். அதைவிட முக்கியமாக, 90 கி.மீ.க்கு மேல் கவர் வயிறு உப்பினாற்போல் மேலெழும்; உள்ளே இருக்கும் காற்றழுத்தம் மேலே இருப்பதைவிட அதிகம் என்பதுதான் காரணம். உப்பித் துடிக்கும் கவர் காற்றைக் கலக்கி, கிடைக்க வேண்டிய லாபத்தைத் தின்றுவிடும். அடியில் தாங்கும் குறுக்குக் கம்பி மூன்றுக்குக் குறைவாக இருக்கும் கவரை வாங்கவே வேண்டாம். கயிற்றில் கட்டிய தார்ப்பாயும் இதே காரணத்தால் லோடைக் காக்கும், மைலேஜைக் காக்காது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. மடக்கும் கெட்டிப் பலகைக் கவர் உப்பாது, பூட்டலாம், விலை கூடுதல். ஷட்டர் போல உருளும் அலுமினியக் கவரின் பெட்டி பாடியின் முன்பக்கத்தில் ஒரு சாண் இடத்துக்குமேல் தின்றுவிடும். கேபின் உயரத்துக்கு நிற்கும் கேனபி இடவசதிக்கு நல்லது, காற்றுக்கு அல்ல: செங்குத்தான பின்சுவர் பின்னால் பெரிய கலங்கலை இழுத்துவரும். காற்றுக்கு உண்மையிலேயே உகந்தது கூரையிலிருந்து டெயில்கேட் வரை 12 டிகிரி அளவில் சரிந்து இறங்கும் மூடி. ஆனால் உயரமான சாமான் ஏற்ற முடியாது. கேனபி, சரிவு மூடி இரண்டுக்கும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. வண்டியின் மூல வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

கவருக்குக் காசு எடுத்து வைக்கும் முன் வண்டியின் முன்பக்கத்தைப் பாருங்கள். புல்பார் (பம்பருக்கு முன்னால் மாட்டும் குழாய்ச் சட்டம்) இருந்தால் கழற்றிவிடுங்கள். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதைத் தடைசெய்துவிட்டது, ஏர்பேக் சென்சாருக்கும் அது கெடுதல். காலியாகத் திரியும் கூரை கேரியரையும் இறக்குங்கள். 2 அங்குலம் தூக்கிய சஸ்பென்ஷனும் கரடுமுரடான பாதைக்கான ஆல்-டெரெயின் டயரும் போட்ட வண்டியில் கவர் தரும் 3 சதவீதம் எங்கே போனதென்றே தெரியாது.

சோதித்துப் பார்ப்பவர்கள் ஒரு டேங்கை வைத்து முடிவுகட்ட வேண்டாம். 60 லிட்டரில் 3 சதவீதம் 1.8 லிட்டர், பெட்ரோல் பங்க்கில் நாசில் நிற்கும் இடத்திலேயே ஒரு லிட்டர் முன்னே பின்னே போகும். எதிர்க்காற்று 10 கி.மீ. வீசினாலே 100 கி.மீ. வேகத்தில் காற்றின் தள்ளல் 21 சதவீதம் ஏறும். ஒரே பங்க், ஒரே டயர் அழுத்தம், ஒரே பாதையில் போய் வருதல், கவரோடு மூன்று டேங்க், கவரில்லாமல் மூன்று டேங்க். அதற்குக் குறைந்த எந்தக் கணக்கும் செல்லாது.

கடையில் பணம் கட்டும் முன் கவரை முழுக்க விரிக்கச் சொல்லி, மூலைத் தையல் இரட்டையா, வெல்க்ரோ பட்டை தைத்ததா அல்லது வெறும் பசையில் ஒட்டியதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஒட்டியது ஒரு கோடையைத் தாங்காது. நிழலில் மாட்டிக் கொடுக்கும் கடை என்றால், மறுநாள் உச்சி வெயிலில் வண்டியைக் கொண்டுவந்தால் இழுவையைச் சரிசெய்து தருவதாக ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.