பவர்பாயின்ட்டின் ஒத்திகை வசதிகள்: கருத்தரங்கில் பேசுவோருக்கு எவ்வளவு பயன்?

1987-இல் வெளிவந்த நாள்முதல் பவர்பாயின்ட்டில் சேர்ந்துகொண்டே வந்த எத்தனையோ வசதிகளில், கருத்தரங்கப் பேச்சாளருக்கு மெய்யாகவே கைகொடுப்பவை ஒத்திகைக்கானவைதாம். ஆனால் எழுத்துருவையும் வண்ணத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

என் பட்டியலில் முதலிடம் ‘ரிஹர்ஸ் டைமிங்ஸ்’ வசதிக்கு. அதை இயக்கிவிட்டு வாய்விட்டுப் பேசியபடி ஸ்லைடுகளை நகர்த்தினால், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதைக் குறித்துக்கொள்கிறது. சேமித்த பின் ‘ஸ்லைடு சார்ட்டர்’ காட்சியில் ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் அந்த நேரம் தெரியும். 15 நிமிட உரையில் ஆய்வின் பின்னணியே 6 நிமிடத்தை விழுங்கிவிட, எல்லோரும் கேட்க வந்த முடிவுகளுக்கு 2 நிமிடம்கூட மிஞ்சாத கோளாறு அப்போதுதான் கண்ணில் படும். மனத்துக்குள் படித்துப் பார்க்கும் ஒத்திகையில் அது தெரியவே தெரியாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சேமித்த நேரக் கணக்கின்படி மேடையிலும் ஸ்லைடுகள் தாமாக நகரத் தொடங்கிவிடும் என்பதால், ‘யூஸ் டைமிங்ஸ்’ தெரிவை நீக்கிவிட்டே அரங்குக்குப் போக வேண்டும்.

‘பிரசன்டர் வியூ’ அடுத்த ஸ்லைடையும் குறிப்புகளையும் ஓடும் நேரத்தையும் பேச்சாளரின் திரையில் மட்டும் காட்டுகிறது. அடுத்து வருவது முன்கூட்டியே தெரிவதால், ஒரு கருத்திலிருந்து மற்றொன்றுக்குத் தடுமாறாமல் போக முடிகிறது. விண்டோஸில் ஆல்ட், எஃப்5 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இரண்டாவது திரை இல்லாமலேயே இதில் பழகலாம். கேள்வி நேரத்தில் ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போய்விடலாம் என்பது, சின்ன வசதியானாலும், அவையின் முன் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் புரட்டும் சங்கடத்தைத் தவிர்க்கிறது. குறிப்புப் பெட்டியில் முழு வாக்கியங்களை நிரப்புபவர்கள் கடைசியில் அவையைப் பார்க்காமல் திரையைப் படிப்பதில்தான் போய் முடிகிறார்கள். அதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது.

‘ஸ்பீக்கர் கோச்’ பேச்சின் வேகத்தையும், இடையில் நுழையும் வெற்றுச் சொற்களையும், ஸ்லைடை அப்படியே வாசிப்பதையும் சுட்டிக்காட்டுகிறது. வாதம் கோர்வையாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு, துறைக்கு வெளியே உள்ள ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பேசிக் காட்டுவதுதான் வழி.

அமைப்பாளர்களின் கணினியிலிருந்தே பேச வேண்டியிருந்து, அதில் இரு திரைகளும் ஒரே காட்சியைக் காட்டும்படி இணைத்திருந்தால், பிரசன்டர் வியூவின் பலன் கிடைக்காது. ஆகவே இடைவேளையிலேயே அந்த இணைப்பைச் சரிபார்த்துவிட்டு, ஸ்லைடு வரிசையை ஒரு தாளில் அச்சிட்டுக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.