அருகிலுள்ள பள்ளியா, கொள்கைக்கு உகந்த பள்ளியா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றுக்கு, அதாவது முதல் வகுப்புக்கு, பிள்ளையைப் பதியவிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன் இரண்டு தேர்வுகள் உள்ளன. ஒன்று, புளோக்கிலிருந்து நடந்தே போகக்கூடிய பேட்டைப் பள்ளி. மற்றொன்று, தாயோ தந்தையோ படித்த, குடும்பத்தின் சமயத்துக்கோ ஒழுக்கக் கொள்கைக்கோ நெருக்கமான தொலைவுப் பள்ளி.

பதிவு கட்டம் கட்டமாக நடக்கிறது; அதன் விதிகள் இரண்டுக்கும் வழிவிடுகின்றன. முன்னாள் மாணவரின் பிள்ளைக்கு 2ஏ கட்டத்திலேயே வாய்ப்பு உண்டு. அத்தகைய தொடர்பு இல்லாதவர்கள் 2சி கட்டத்தில் விண்ணப்பிக்கலாம்; இடத்துக்குப் போட்டி இருந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் குடிமக்கள் முன்னுரிமை பெறுவர். 2022 முதல் ஒவ்வொரு பள்ளியிலும் 2சி கட்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கப்படும் இடங்கள் 20இலிருந்து 40ஆக உயர்ந்திருப்பது அருகில் வசிப்போருக்கு ஆறுதல். பெற்றோர் தொண்டூழியராக 40 மணி நேரம் உழைத்து 2பி கட்டத்தில் முயலலாம் என்றாலும், அதனால் இடம் உறுதியாவதில்லை.

சேர்ந்த பிறகு வரும் ஆறாண்டுகளே எனக்குப் பெரிதாகப் படுகின்றன. பள்ளி பெரும்பாலும் காலை ஏழரை மணிக்குத் தொடங்குவதால், பல பேட்டைகளைச் சுற்றிவரும் பள்ளிப் பேருந்தில் ஏறும் ஏழு வயதுக் குழந்தை விடியுமுன்பே எழுந்தாக வேண்டும். பிற்பகலில் வீடு திரும்பும்போதும் அதே சுற்றுதான். ஆண், பெண் என இரு பிள்ளைகள் உள்ள வீட்டில், மூத்த பிள்ளை ஆண்களுக்கோ பெண்களுக்கோ மட்டுமான ஒருபாற் பள்ளியில் படித்தால், உடன்பிறந்தோருக்கான முதற்கட்ட முன்னுரிமை இளைய பிள்ளைக்குக் கைகொடுக்காது.

கொள்கையின் பக்கம் நின்று பார்த்தாலும் அருகிலுள்ள பள்ளி இளைத்துப் போவதில்லை. நம் வீடுகளில் ஆங்கிலமே மேலோங்கிவரும் நிலையில், பிற்பகலில் பாட்டியோடு பேசும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் பல பிள்ளைகளுக்குத் தமிழ் இயல்பாக வாயில் வரும் நேரம். அதைப் பேருந்துக்குக் கொடுத்துவிட்டு, பண்பாட்டைப் பேணத்தான் அந்தப் பள்ளியைத் தேர்ந்தோம் என்று சொல்வது எனக்குப் பொருந்தவில்லை. அத்துடன், ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் மலாய், சீனப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதும் நாம் விரும்பும் நெறிகளுள் ஒன்றல்லவா?

ஓரிடத்தில் மட்டும் என் முடிவு மாறும். அருகிலிருப்பது சீனத்தை மட்டுமே தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளி என்றால், தூரத்தைப் பொருட்படுத்தாமல் தமிழ் உள்ள பள்ளியையே நாட வேண்டும். தமிழ் உள்ள பள்ளியிலும், தொடக்கநிலை ஒன்றில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், தமிழாசிரியர் எத்தனை பேர், தமிழ் வகுப்பு எந்த நேரத்தில் நடக்கிறது என்பவற்றைப் பதிவு தொடங்குமுன்பே பள்ளி அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.